பெயர் இல்லாத விளம்பரமும் கணக்கில் வராத செலவும்

ஊர்த்தெருவில் சுவர் தர மறுக்கப்படும் தலித் வேட்பாளர், இணையத்தின் வழியே ஒவ்வொரு வாக்காளரையும் எட்டிவிடலாம் என்று ஒரு காலத்தில் நாமும் நம்பினோம். சட்டத்தைப் புரட்டினால் அந்த நம்பிக்கை தேய்கிறது.

2013 அக்டோபரில் தேர்தல் ஆணையம் பிறப்பித்த அறிவுறுத்தல் வேட்பாளரிடம் கறாராகவே நடந்துகொள்கிறது. சமூக ஊடகக் கணக்குகளை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த தொகை, பதிவுகளைத் தயாரித்த செலவு, கணக்கை நடத்துவோரின் சம்பளம் அனைத்தையும் காட்ட வேண்டும். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு உச்சவரம்பு ரூ.95 லட்சம். கட்சிகளுக்கோ உச்சவரம்பே கிடையாது.

கட்சி செய்யும் செலவின் பயனை வேட்பாளர் அறிந்தே ஏற்றால் அது அவருடைய செலவே என்று 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அத்தீர்ப்பைச் செயலிழக்கச் செய்தனர். 2003இல் மறுபடியும் திருத்தம் வந்தது. எனினும் வேட்பாளரைக் குறிப்பிடாத பொதுப் பிரச்சாரம் இன்றும் கட்சிக் கணக்கிலேயே சேர்கிறது.

சுவரொட்டிக் காலத்தில் இந்த வேறுபாட்டுக்கு ஓரளவு பொருள் இருந்தது. இன்று தலைவரின் முகமும் சின்னமும் மட்டும் உள்ள விளம்பரத்தை, ஒரே தொகுதியின் அஞ்சல் குறியீட்டெண்களுக்குள் மட்டும் காட்டும்படி விலைகொடுத்து வாங்கலாம். பெயர் இல்லை, ஆகவே வேட்பாளரின் செலவும் இல்லை! ‘ஆதரவாளர்’ பெயரில் இயங்கும் பக்கங்கள் இன்னொரு வழி. வேட்பாளரின் அனுமதியின்றிச் செலவிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின்படி குற்றம்தான். தண்டனை, அதிகபட்சம் ரூ.10,000 அபராதம்.

தமிழகச் சட்டமன்றத்தின் 44 தனித்தொகுதிகளில் இதன் விளைவு கூர்மையானது. அங்கே போட்டியிடும் அனைவரும் பட்டியல் சாதியினரே. ஆனால் ஒருவர் தம் கைக்காசை ரூபாய் ரூபாயாகக் கணக்கெழுதுகிறார். மற்றவருக்காகப் பெருங்கட்சி திரையையே வாங்கித் தருகிறது. வென்றபின் அவர் யாருக்குக் கட்டுப்படுவார்? பூனா ஒப்பந்தத்துக்குப் பின் அம்பேத்கர் எழுப்பிய கேள்வி இதுவே.

மெட்டாவும் கூகுளும் அரசியல் விளம்பரங்களின் பட்டியலை வெளியிடுகின்றன. முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தல் மனுவுக்கான காலக்கெடு 45 நாட்கள். கணக்கைக் கடைசி நாளில் தந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு மிஞ்சுவது 15 நாட்களே. எனவே மாணவத் தோழர்கள் பிரச்சாரம் நடக்கும்போதே அப்பட்டியலை நாள்தோறும் பதிவிறக்கி வைக்க வேண்டும். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பதிவுகள் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்கா. பதிவிறக்கியவரே அதில் கையெழுத்திடத் தயாராக இருக்க வேண்டும்.