ஒரு சீலுக்காக முழுப் பம்ப்பையும் மாற்றுவதா?



டொல்பின் வேனோ பழைய கொரோல்லாவோ ஸ்டியரிங் திருப்பும்போது முனகினால், கீழே ஒயில் சொட்டினால், நம்மூர் கராஜ்களில் அனேகமாக ஒரே பதில்தான்: "பம்ப் போயிட்டு. பஞ்சிகாவத்தையில ஒண்டு எடுத்துப் போடுவம்." நாமும் தலையாட்டிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

சத்தம் வந்தால் பம்ப் பழுது என்று அர்த்தமில்லை. ஒயில் குறைந்தாலும், டேங்கியிலிருந்து வரும் ஹோஸின் கிளிப் தளர்ந்து காற்றை இழுத்தாலும் அதே முனகல்தான். பெல்ட் ஓடும் சில்லுக்குப் பின்னால் ஒயில் கசிந்தால் அனேகமாகத் தேய்ந்திருப்பது உள்ளிருக்கும் ஒரு ரப்பர் சீல். பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பம்ப்பின் சீலும் வயது போனதுதான் என்பதை யோசிக்கிறோமா?

பம்ப்பைத் திறப்பது மந்திர வேலையல்ல, ஆனால் ஒழுங்கு வேண்டும். சில்லைச் சுத்தியலால் அடிக்காமல் புல்லரால் இழுக்க வேண்டும். அடித்தால் தண்டும் பெயாரிங்கும் கெடும். உள்ளே ரோட்டர், அதன் வெட்டுகளில் மெல்லிய தகடுகள், சுற்றி ஒரு வளையம். எது எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே அடையாளம் வைக்க வேண்டும். தகடுகளின் வளைந்த விளிம்பு வெளியே, வளையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். சிறு மண் துகள் போதும், வால்வு இறுகிவிடும். வளையத்திலோ தட்டிலோ நகம் மாட்டுமளவு கீறல் இருந்தால் சீல் மாற்றிப் பயனில்லை. அப்போது பம்ப்பை மாற்றத்தான் வேண்டும். பூட்டிய பிறகு முன் சில்லுகளை உயர்த்தி, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பாஸ்மார் நம்மூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் திறப்பதில்லை? பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் பேசாமல் கொடுக்கும் நாம், அரை நாள் கைவேலைக்குக் கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். குறை பாதி நம் பக்கம்தான்.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதன் பிறகும் புது வாகனம் நம்மில் பலருக்கு எட்டாத விலை. பழையதைத்தான் ஓட்டப்போகிறோம். அப்படியென்றால் பழுதுபார்க்கத் தெரிந்த கை ஊருக்குச் சொத்து.

எங்களுக்கு, ஆசிரியர்களுக்கு, இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஓ.எல். முடித்துக் கராஜுக்குப் போகும் பொடியன்கள் போல்ட் கழற்றவும் பூட்டவும் மட்டும் பழகுகிறார்கள். ஏன் பழுதானது என்று கேட்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. மாற்றுவது மட்டும் தெரிந்தவன் கடைசிவரை உதவியாளன்தான்.

ஆகவே வாகனக்காரர்களே, "திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்த வேலைக்கு உரிய கூலியை மனதாரக் கொடுங்கள். பாஸ்மாரே, கழற்றிய பாகத்தைக் காட்டுங்கள், அது அமானிதம். பொடியன்களையும் பக்கத்தில் வைத்துத் திறவுங்கள். பெற்றோரே, வேலை பழகிய பிள்ளைக்கு என்.வீ.கியூ. சான்றிதழ் எடுத்துக் கொடுங்கள். பாடநெறி படிக்காவிட்டாலும் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது.

கையில் எண்ணெய் படிந்த தொழிலைக் கண்ணியமாக்குவது நம் எல்லோருடைய பொறுப்பு.