அரசியல் சாசனத்தின் சித்திரங்கள்

குடியரசு தினம் நெருங்கும்போது நம் பள்ளிக்கூடங்களில் நடைபெறும் சித்திரப் போட்டிகளில், மூவர்ணக் கொடியும் வெண்புறாவும் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடியும் வருஷந்தோறும் அதே வர்ணத்தில், அதே அட்டையில் தோன்றி, பரிசு வழங்கியான மறுநாளே பரணில் ஏறிவிடுகின்றன. எந்தச் சாசனத்தை முன்னிட்டு அந்தத் தினம் கொண்டாடப்படுகிறதோ அந்தச் சாசனமே ஒரு சித்திர நூல் என்பதையோ, ஓர் ஆசிரியரும் அவருடைய மாணாக்கர்களும் கூடிச் செய்த கைவேலை அது என்பதையோ அப்பிள்ளைகளுக்குச் சொல்வார் இல்லை.

பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதிய ஆங்கில மூலப் பிரதியின் 22 பகுதிகளுக்கும், சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் சித்திரங்கள் தீட்டினார்கள். மொகஞ்சதாரோ முத்திரையின் காளையில் தொடங்கி, புத்தர், மகாவீரர், அசோகர், அக்பர் எனத் தொடர்ந்து, திப்பு சுல்தானையும் ஜான்சி ராணியையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி, இமயமும் பாலைவனமும் சமுத்திரமுமாக அந்த வரிசை முடிகிறது. டேராடூனில் 1,000 பிரதிகள் அச்சாயின.

இதில் நான் பெரிதாக மதிப்பது சித்திரங்களின் அழகைக் காட்டிலும் அவற்றின் தேர்வையே. நம் பக்கத்துப் பங்காக நடராஜர் திருவுருவமும் மாமல்லபுரத்துச் சிற்பமும் இடம் பெற்றிருக்கின்றன. ஆனால் வரலாற்று மாந்தராகத் தமிழர் ஒருவரும் இல்லை. நந்தலாலைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எவர் 22 சித்திரங்களைத் தேர்ந்தாலும் எவரேனும் விடுபட்டே தீருவர். யார் விடுபட்டார், ஏன் விடுபட்டார் என்று கேட்கத் தொடங்கும் சிறுவனே சரித்திரம் படிக்கத் தொடங்கியவன். அந்தக் கேள்விக்கு இடமே இல்லாததுபோல எழுதப்பட்டிருப்பதுதான் நம் பாடபுத்தகங்களின் பெரும் குறை.

சாசனத்தின் 17ஆம் பகுதியில் தண்டி யாத்திரை இருக்கிறது. அதே 1930இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்களை அதனருகே வரையும்படி ஒரு வகுப்பிடம் சொல்லிப் பாருங்கள். சத்தியாக்கிரகிகள் உப்பு அள்ளினார்கள் என்று பரீட்சைத் தாளில் ஒரு வாக்கியம் எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். சித்திரத்திலோ அவ்விதம் மழுப்ப முடியாது. எதில் அள்ளினார்கள், தலையில் என்ன கட்டியிருந்தார்கள், வழியில் எந்த ஆற்றைக் கடந்தார்கள் என்று தெரியாமல் கோடு நகராது. தெரிந்துகொள்ள நூலகத்துக்கும், முடிந்தால் உப்பளத்துக்கும் போகத்தான் வேண்டும்.

இவ்விதமே விடுபட்ட தம் முன்னோரையும் பிள்ளைகள் வரையலாம். ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு. அவரவர் பரம்பரையை வரையச் சொன்னால், அது அவரவர் ஜாதிப் பெருமையாக முடிந்துவிடக்கூடும் என்று உபாத்தியாயர்கள் அஞ்சுவது நியாயமே. ஆயினும் நெசவாளர் வீட்டுப் பெண்ணும், மீனவர் வீட்டுப் பையனும், தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களின் பேரப்பிள்ளையும் வரைந்தவை ஒரே சுவரில் அடுத்தடுத்து மாட்டப்பட்டு, ஒன்றையொன்று மறுக்கும் சித்திரங்களுக்கும் அங்கே இடம் கிடைக்குமானால், தற்பெருமைக்கு அதைவிடச் சிறந்த மருந்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல சித்திரத்துக்குப் பரிசு என்ற சம்பிரதாயத்தை மட்டும் கைவிட வேண்டும்.

கல்வி இலாகா செய்யவேண்டியது அதிகமில்லை. அந்த 22 பக்கங்களையும் மலிவான தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பட்டும். இருபத்துமூன்றாவதாக ஒரு வெற்றுத் தாளையும் சேர்த்து அனுப்பட்டும்.