வாட்ச்மேன் கையில் சாவி இருக்கிறதா?

பர்மிய மொழியில் ‘மீ’ என்றால் நெருப்பு. கரண்டுக்கும் அதே சொல்தான். மின்வெட்டு முடிந்து கரண்டு வந்ததும் யாங்கோனில் தெருவே ‘மீ லா பீ’ என்று கத்தும். வந்த புதிதில், நெருப்பு என்ற அர்த்தம் மட்டும் தெரிந்திருந்ததால், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பால்கனிக்கு ஓடியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்தக் கோடையில் அந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குக் காரணம் நான் செய்த ஒரு வேலை.

2021-க்குப் பிறகு இங்கே மின்வெட்டு முறை வைத்து வருகிறது. மார்ச், ஏப்ரலில் நாளில் பாதிக்கு மேல் கரண்டு இல்லாத நாட்களும் உண்டு. எங்கள் அலுவலகக் கதவுகள் கார்டு காட்டினால் திறப்பவை, காந்தப் பூட்டு. கரண்டு நின்றால் காந்தம் விட்டுவிடும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஆபத்தில் ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் தினமும் கரண்டு போனால் தினமும் கதவு திறந்து கிடக்கும். இரண்டு லேப்டாப் காணாமல் போனது. மேலிடம் கேட்டது, நான் பூட்டுகளை யூ.பி.எஸ்.-சில் இணைத்தேன். பாராட்டு மெயில்கூட வந்தது.

இரண்டு வாரம் கழித்து இரவுக் காவலுக்கு வரும் பெரியவர் கேட்டார். தன்லின் பக்கத்துத் தமிழர், அறுபதைத் தாண்டியவர். “கரண்டு போனாலும் கதவு தொறக்காதுங்கிறீங்க. நெருப்பு வந்தா உள்ள இருக்கிற பிள்ளைங்க எப்படி தம்பி வெளிய வரும்?”

என்னிடம் பதில் இல்லை. இஞ்சினியரிங் படித்தவன் நான். கேள்வி கேட்டவர் அவர்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். தீ எச்சரிக்கைப் பெட்டி கட்டட உரிமையாளருடையது, கதவுப் பூட்டு எங்களுடையது. இரண்டையும் இணைக்கும் ஒயர் யார் பொறுப்பு என்று யாரும் கேட்டதே இல்லை, அதனால் ஒயரே இல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே பேட்டரி உப்பிப்போயிருந்தது. எப்போதாவது கரண்டு போகும் ஊரை மனதில் வைத்துப் போடும் பேட்டரி அது. தினமும் இறங்கி ஏறினால் சீக்கிரம் செத்துவிடும். இரவு ஏழு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். ஆக, இரவில் கரண்டு போனால் அலாரம் செத்துவிடும், கதவு மட்டும் உயிரோடு பூட்டியிருக்கும். அமெரிக்க கிளையண்டுக்காக இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஆறு பேர் உள்ளே இருப்பார்கள்.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 101 விதி இதற்கு ஒரு வழி சொல்கிறது. 24 மணி நேரத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் தீ அலாரம் வேலை செய்யாவிட்டால், ஒன்று கட்டடத்தைக் காலி செய்யவேண்டும், அல்லது தீக் காவலுக்கு ஆள் போடவேண்டும். அந்த ஆளுக்கு அது ஒன்றுதான் வேலை. மாடி மாடியாகச் சுற்றவேண்டும், புகை வாடை பிடிக்கவேண்டும், கண்டதும் எல்லோரையும் எழுப்பி, தீயணைப்புத் துறைக்கு போன் போடவேண்டும். எங்கள் கட்டடத்தை இந்த விதியில் வைத்துப் பார்த்தால் வாரத்தில் பல இரவுகள் தீக் காவலர் இருந்தாக வேண்டும். இருப்பது அந்தப் பெரியவர் ஒருவர்தான். அவரும் கேட்டைத் திறப்பது, விசிட்டர் நோட்டு எழுதுவது, எங்களுக்கு டீ வாங்கி வருவது என்று ஆளுக்கொரு வேலை வாங்கப்படுபவர்.

யாங்கோன் நெருப்புக்குப் புதிய ஊர் இல்லை. ஓலைக்கூரைக் காலத்து நினைவாக, இன்றும் பல வீடுகளின் முகப்பில் தொரட்டி மாதிரி ஒரு கம்பு, தீயை அடித்து அணைக்கும் தட்டி, மணல் பை, தண்ணீர் வாளி எல்லாம் இருக்கும். 191-ஐ அழைத்தால் தீயணைப்பு வண்டி வரும். ஆனால் கோடையில் இங்கே புகை ஒரு செய்தியே இல்லை. வயல் எரிப்பதும் குப்பை எரிப்பதும் மலைக்காடுகள் எரிவதும் சேர்ந்து வானமே மங்கிக்கிடக்கும். எரியும் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவோமே தவிர, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மாட்டோம்.

2013 ஏப்ரல் 2 அன்று பொத்தத்தாங் பகுதியில் ஒரு மதரசாவில் தீப்பிடித்து 13 சிறுவர்கள் இறந்தார்கள். மின்கருவி சூடேறியதே காரணம் என்றது போலீஸ். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. 2017 அக்டோபர் 19 அன்று, தேக்கில் கட்டிய கண்டோஜி பேலஸ் ஹோட்டல் எரிந்து ஒருவர் இறந்தார். இரண்டும் விடிவதற்கு முன்பு நடந்தவை. அந்த நேரத்தில் ஒரு கட்டடத்தில் விழித்திருப்பவர் யார்? வாட்ச்மேன் மட்டும்தான்.

குவைத்தின் மங்காஃபிலும் அதே நேரம்தான். 2024 ஜூன் 12, 196 தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம், எல்லோரும் தூக்கத்தில். சுமார் 50 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜூன் 14 அன்று விமானப்படை விமானம் 45 உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்த காட்சியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். விசாரணையில் சொல்லப்பட்டது என்ன? தரைத்தளத்தில் இருந்த காவலாளி அறையில் மின்கசிவு. அறைகளைப் பிரிக்க எளிதில் எரியும் தடுப்புகள். கீழே கேஸ் சிலிண்டர்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்ததாகவும் செய்தி வந்தது. பெரும்பாலோரைக் கொன்றது தீ இல்லை, புகை.

காவலாளி அறை என்ற அந்த இரண்டு வார்த்தையை நான் பல முறை படித்திருக்கிறேன். எந்த ஊரிலும் அந்த அறையைப் பாருங்கள். படிக்கட்டுக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரே பிளக்கில் ஃபேன், கெட்டில், போன் சார்ஜர். கட்டடத்துக்கே காவலாக இருப்பவரைக் கட்டடத்தின் மிக மோசமான மூலையில் உட்கார வைக்கிறோம். விபத்து நடந்ததும் உரிமையாளரோடு சேர்த்து அவரையும் பிடிக்க உத்தரவு வருகிறது. மங்காஃபிலும் வந்தது.

ஆள் போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் அலாரம் ஒழுங்காக அடித்தது. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மாற்று ஆள் வராததால் இரண்டாவது ஷிஃப்டையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் வந்த குறியீடு புரியவில்லை. காவலர் வேறொரு கட்டடப் பகுதிக்கு ஓடினார். சரியான இடம் தெரிவதற்குள் அரை மணி நேரம் போயிற்று. உலகப் புகழ்பெற்ற கட்டடத்துக்கே இந்தக் கதி.

ராஜ்கோட் வேறு மாதிரி. 2024 மே 25, விளையாட்டு மையத்தில் வெல்டிங் பொறி பட்டுப் பற்றியது, 27 பேர் இறந்தார்கள். வெல்டிங் நடக்கும்போது பக்கத்தில் தீயணைப்பானோடு ஒருவர் நிற்கவேண்டும். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் நின்று பார்க்கவேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலிடச் சட்டம்; என்.எஃப்.பி.ஏ. 2019-இல் அதை ஒரு மணி நேரமாக்கியது. பொறி சாம்பலுக்குள் ஒளிந்திருந்து பிறகுதான் பற்றும் என்பது அடுப்பு ஊதிய நம் பாட்டிகளுக்குத் தெரியாததா?

நம் ஊர் வனத்துறை கோடையில் தீத்தடுப்புக் கோடு போடுகிறது, தற்காலிகத் தீக் காவலர்களை வைக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களில் 23 பேரைத் தீ கொண்டுபோன பிறகு அதன் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காட்டுக்குப் பருவம் பார்த்து ஆள் போடும் நாம், கட்டடத்துக்குப் போட வேண்டும் என்றால் ‘அதுக்குத்தான் செக்யூரிட்டி இருக்காரே’ என்கிறோம். மியன்மரிலும் 2019-இல் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கும், உப்பிய பேட்டரியை மாற்றுவது யார்?

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ, டார்மிட்டரியில் இருந்தாலும் கண்ணாடிக் கட்டட ஆபீஸில் இருந்தாலும் இன்றைக்கு இரவு உங்கள் வாட்ச்மேனிடம் ஒன்று கேளுங்கள்: மாடிக் கதவுச் சாவி அவரிடம் இருக்கிறதா, இல்லை முதலாளி வீட்டில் இருக்கிறதா? யாரையும் கேட்காமல் எல்லாக் கதவையும் திறக்க அவருக்கு அனுமதி உண்டா? எங்கள் பெரியவருக்கு இல்லை. ஒரு முறை தவறான அலாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு வேலை போன ஒருவரின் கதையை அவர் சொன்னார். அதற்குப் பிறகு எந்த வாட்ச்மேன் துணிவார்?

நான் செய்ததைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. பூட்டுகளுக்குப் போகும் கரண்டை அலாரப் பெட்டி துண்டிக்கும்படி ஒயர் இழுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் உடைத்தால் திறக்கும் பச்சைப் பெட்டி வைத்தோம், அலாரம் செத்தாலும் அது வேலை செய்யும். பேட்டரி மாற்றியாயிற்று. திறக்கும் அதிகாரம் இரவுக் காவலருக்கு உண்டு, திறந்ததற்காக யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று மேனேஜர் கையெழுத்தோடு ஒரு தாள் கேட்டேன். அது இன்னும் வரவில்லை. நான்காவது மாடிப் படிக்கட்டுக் கதவு உரிமையாளருடைய பூட்டு. மூன்று முறை எழுதிவிட்டேன். பெரியவர் தினமும் இரவு பத்து மணிக்கு அந்தக் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் பூட்டித்தான் இருக்கு தம்பி” என்று எனக்கு வைபரில் அனுப்புகிறார்.