கேஸ் வராது, கேஸ் விலை வரும்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்ம வீடுகளில் கேஸ் என்றால் லிட்ரோ, லாப்ஸ் சிலிண்டர்தான். அது எல்.பி.ஜி. கொஞ்சம் அமுக்கினாலே திரவமாகிவிடும், சிலிண்டரில் அடைத்து லொறியில் ஏற்றி தோட்டத்துக் கடை வரைக்கும் கொண்டுவந்துவிடலாம். நான் இங்கே பேசப்போவது எல்.என்.ஜி., அதாவது திரவ இயற்கை வாயு. அது பெரும்பாலும் மீத்தேன். மைனஸ் 162 பாகை வரை குளிரூட்டினால்தான் திரவமாகும், 600 மடங்கு சுருங்கும், கப்பலில் ஏறும். நம்ம அடுப்புக்கு அது வராது. கெரவலப்பிட்டி மின்நிலையங்களுக்கு வரும் என்கிறார்கள். பல வருஷமாகவே அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்த எல்.என்.ஜி. எண்ணெய் மாதிரி உலகம் முழுக்க வாங்கி விற்கிற ஒரு சரக்காக மாறுமா என்று ஒரு நீண்டகால விவாதம் இருக்கிறது. உலகச் சரக்கு என்றால் என்ன என்று சப்ரகமுவ ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கேகாலைப் பக்கம் வெட்டுகிற பால், ஷீட்டாகி, புகைபோட்டு, ஆர்.எஸ்.எஸ். 1, 2, 3 என்று தரம் பிரிந்துவிட்டால், அது யட்டியாந்தோட்டை ஷீட்டா தாய்லாந்து ஷீட்டா என்று யாரும் கேட்பதில்லை. விலை சிங்கப்பூர்ச் சந்தையைப் பார்த்து அசையும். விலை சரியில்லையா, ஷீட்டை அடுக்கி வைத்துக் காத்திருக்கலாம். தேயிலை வேற மாதிரி. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு லொட்டையும் சுவைத்துப் பார்த்துத்தான் இன்றும் விலை சொல்கிறார்கள். இரத்தினபுரித் தேயிலையும் நுவரெலியாத் தேயிலையும் ஒன்றில்லை. உலகமெல்லாம் குடிக்கிறது, ஆனால் உலகத்துக்கு ஒரே விலை கிடையாது.

எல்.என்.ஜி. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மீத்தேன் எங்கே போனாலும் மீத்தேன்தான், அந்த வகையில் ரப்பர் ஷீட் மாதிரி. ஆனால் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. டேங்கில் கிடக்கும்போதே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். இறக்குவதற்குத் தனி டெர்மினல் வேண்டும். அதனால்தான் 1964இல் அல்ஜீரியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வணிகரீதியாகக் கப்பல் ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு இது சந்தையாக இல்லை, கல்யாணமாக இருந்தது. ஒரு விற்பவர், ஒரு வாங்குபவர், இருபது வருஷ ஒப்பந்தம். வாங்கியதை வேறு நாட்டுக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை வேற.

அந்தக் கட்டு இப்போது தளர்ந்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் சபீன் பாஸ் முனையத்திலிருந்து, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்ற ஒப்பந்தத்தோடு கப்பல்கள் கிளம்பின. மறுவருஷம் ஜப்பானின் நியாய வர்த்தக ஆணைக்குழு அந்த மறுவிற்பனைத் தடையைக் கேள்விக்குள்ளாக்கியது. இன்றைக்கு வருஷத்துக்கு 40 கோடி தொன் அளவு கைமாறுகிறது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உடனடிச் சந்தையிலும் குறுகிய ஒப்பந்தங்களிலும் போகிறது. அப்ப உலகச் சரக்கு ஆகிவிட்டதா? விலையைக் கேட்டால் ஆமாம். கையில் கிடைக்குமா என்று கேட்டால் அது வேற கதை.

2020 ஏப்ரலில் ஆசியாவில் ஒரு அலகு 2 டொலருக்கும் கீழே போனது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து, ஐரோப்பாவுக்குக் குழாய் வழியாக வந்த வாயு குறைந்ததும் 70 டொலரையும் தாண்டியது. ஆசியாவுக்கு வரவேண்டிய கப்பல்கள் ஐரோப்பாவுக்குத் திரும்பின. அந்த ஜூலையில் பாகிஸ்தான் 10 கப்பலுக்கு டெண்டர் போட்டது, கிட்டத்தட்ட 100 கோடி டொலர் பெறுமதி. ஒருவர்கூட விலை கொடுக்கவில்லை. பங்களாதேஷ் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டைக் கையில் எடுத்தது. ஜேர்மனி அந்த வருஷ டிசெம்பருக்குள் வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் மிதக்கும் டெர்மினலே திறந்துவிட்டது.

இனி நம்ம பக்கம். கெரவலப்பிட்டியில் 300 மெகாவோட் யுகதனவி, எரிவாயுவுக்கு மாற்றலாம் என்று சொல்லிக் கட்டியது, எண்ணெயில்தான் ஓடியது. 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் நியூ போர்ட்ரஸ் நிறுவனத்தோடு அதன் 40 சதவீதப் பங்கையும் மிதக்கும் டெர்மினலையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டார்கள். அரசாங்கத்தின் சொந்த அமைச்சர்கள் மூன்று பேரே எதிர்த்தார்கள். டெர்மினல் வரவில்லை. பக்கத்தில் 350 மெகாவோட் சோபதனவியும் எழுந்தது. கேஸ் மட்டும் வரவில்லை.

வந்திருந்தால்? நான் போட்ட தோராயக் கணக்கு இது. சோபதனவி முழு வீச்சில் ஓடினால் ஒரு பெரிய கப்பல் சுமார் இரண்டு மாதத்துக்குப் போதும். 12 டொலர் விலையில் அந்தக் கப்பலுக்கு நாலு கோடி டொலருக்குக் கொஞ்சம் மேல். 40 டொலரில் பதினாலு கோடி. 2022 மே மாதம் நாட்டிடம் பாவிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று நிதி அமைச்சரே சொன்னார். லிட்ரோ கப்பலுக்கே காசு கட்ட முடியாமல் கடலில் நிறுத்தி வைத்த காலம் அது.

அப்படியென்றால் நீண்டகால ஒப்பந்தம் போட்டுப் பத்திரமாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று இருக்கும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கட்டணும். இரத்தினபுரியில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல மழை வருஷத்தில் நாட்டின் கரண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரிலிருந்து வருகிறது. பலாங்கொடைக்குப் பக்கத்தில் சமனலவெவ மட்டுமே 120 மெகாவோட். மழை பெய்தால் கெரவலப்பிட்டியை அணைக்கலாம், பில்லை அணைக்க முடியாது. மழைக்குத் தக்கமாதிரி வாங்குகிற நமக்கு உடனடிச் சந்தைதான் பொருந்தும். அந்தச் சந்தையோ நெருக்கடி வரும்போது பணக்காரன் பக்கம் போய்விடும்.

கடைசியில் யார் கட்டுவது? 30 யூனிட் பாவிக்கிற லயத்து வீட்டுக்கு 2022 ஓகஸ்டுக்கு முன் பில் ஏறக்குறைய 105 ரூபா. 2023 பெப்ரவரி திருத்தத்துக்குப் பிறகு 1,300. அப்போது ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. சிங்கப்பூரில் ரப்பர் விலை ஏறினால் பால் வெட்டுகிறவர் சம்பளம் கூடவே ஏறுவதில்லை, கேஸ் விலை ஏறினால் கரண்ட் பில் மட்டும் ஏறிவிடும்.

டீசலை விட கேஸ் மலிவு, சுத்தம் என்பதை நான் மறுக்கவில்லை. சிறிய அளவில், மறுவிற்பனை உரிமையோடு, விலைக்கு ஒரு உச்சவரம்பு வைத்து வாங்கினால் யோசிக்கலாம். பதினைந்து இருபது வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் நான் எதிர். கட்டணத் திருத்தத்துக்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாக மக்கள் கருத்துக் கேட்கிறது. சப்ரகமுவ கூட்டத்துக்கு நம்ம ஆட்கள் நாலு பேர் போகணும். ஒரு யூனிட் எவ்வளவு என்பதோடு, குறைந்தபட்ச அளவு எவ்வளவு, மழை பெய்தால் அந்தக் காசை யார் கட்டுவது என்றும் கேட்கணும்.