அம்மாவுக்கும் இரண்டு நாள் லீவு



புக்கிட் தெங்காவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இவரும் வேலைக்குப் போகிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பால் மரம் வெட்டி ஓய்ந்துபோன மாமியாரும் உடன் இருக்கிறார்.

"பினாங்குத் தீவு எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் மாமியார் கடல் தாண்டிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில்தான் வந்து இறங்கினாராம். அந்த இடத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார். பிள்ளைகளும் நச்சரிக்கிறார்கள். எனக்கோ பயணம் என்றாலே பயம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளற வேண்டும், முட்டை அவிக்க வேண்டும். வந்த இரவே பாத்திரம் கழுவித் துணி ஊறவைக்க வேண்டும். குறைந்த செலவில் இரண்டு நாள் போய்வர வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

கேட்டிருப்பது செலவைப் பற்றி. ஆனால் கடிதத்துக்குள் வேறொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் லீவு, அம்மாவுக்கு மட்டும் ஏன் இல்லை? இரண்டு நாள் ஊர்சுற்றி வந்தபின் ஒருவர் மட்டும் முன்னைவிடக் களைத்துப் போனால், அந்தப் பயணத்தை யாருக்காகத் திட்டமிட்டோம்? இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பணம்

கடன் வாங்கிச் சுற்றுலா போகவே வேண்டாம். ஒரு பால்டின்னை எடுத்து அலமாரியில் வையுங்கள். வாரம் பத்து வெள்ளி போட்டால் இருபது வாரத்தில் இருநூறு வெள்ளி சேரும். கணவர் பத்து, மனைவி பத்து என்று போட்டால் பத்தே வாரம் போதும். பிள்ளைகளும் தங்கள் சில்லறையைப் போடட்டும். தங்கள் காசும் அதில் இருக்கிறது என்று தெரிந்தால், கடைவீதியில் கண்டதையெல்லாம் கேட்டு அழமாட்டார்கள்.

டின் நிறைந்ததும் பணத்தை நான்கு உறைகளில் பிரியுங்கள்: போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம், அவசரம். நான்காவது உறையைத் தொடாமல் திரும்பினால் அது அடுத்த பயணத்துக்கு முதல்.

நாள் பார்ப்பது எப்படி?

பினாங்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு. பக்கத்துக் கெடாவில் வெள்ளி, சனி. சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ இருக்கும் தங்கையையும் அழைத்துப் போக நினைத்தால் இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். இதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் வருவது அப்போதுதான். அந்த நாட்களில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறும். வயதானவர்களோடு போகிறவர்கள் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

காரை விட்டுவிடுங்கள்

பாலம் இருக்கிறதே, காரிலேயே போய்விடலாமே என்று ஐயாமார் சொல்வார்கள். 1985இல் திறந்த முதல் பாலமும் 2014இல் திறந்த இரண்டாவது பாலமும் நமக்குப் பெரிய வசதிதான். ஆனால் ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் குறுகலானவை. பார்க்கிங் தேடி அரைநாள் போய்விடும்.

புக்கிட் தெங்காவில் கொம்யூட்டர் ரயில் நிலையம் உண்டு. ஏறினால் அடுத்த நிலையமே பட்டர்வொர்த். ரயில் அடிக்கடி வராது, ஆகையால் நேரத்தை முதல்நாளே பார்த்து வையுங்கள். 2018இல் திறந்த பினாங்கு சென்ட்ரலில் ரயிலும் பஸ்ஸும் ஃபெர்ரியும் ஒரே இடத்தில் சேர்கின்றன. காரில் வருகிறவர்களும் அங்கேயே நிறுத்திவிட்டு ஃபெர்ரியில் ஏறலாம். நாம் சிறுவயதில் பார்த்த, கார்களைச் சுமந்து போன பெரிய ஃபெர்ரிகள் 2020இன் முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய ஃபெர்ரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும்தான் ஏற்றும். கட்டணம் ஓரிரு வெள்ளிதான். பிள்ளைகளுக்கு அந்தக் கால்மணி நேரக் கடல் பயணமே பாதி சுற்றுலா!

சனிக்கிழமை: தாத்தா வந்து இறங்கிய ஊர்

ஃபெர்ரியில் போகும்போது பாட்டியை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இந்தக் கடல்தான் நம் முன்னோர் வந்த வழி. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் ஆட்கள் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் வந்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டது. அந்தப் பெயரைச் சொன்னாலே பழைய ஆட்களுக்கு ஒரு கதை வரும். வந்த எல்லோரும் நேரே தோட்டத்துக்குப் போய்விடவில்லை. நோய் பரவாமலிருக்க ஜெரஜா தீவில் பலரைத் தடுத்து வைத்தார்கள். முதல் பாலத்தில் பினாங்கை நோக்கிப் போகும்போது இடது பக்கம் தெரிகிறதே, அந்தத் தீவுதான். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குமுன் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நம்மில் பலர்.

கரை இறங்கினால் நகருக்குள் கட்டணமில்லாமல் சுற்றும் பஸ் ஒன்று உண்டு. பாட்டிக்கு அது போதும். காலைப் பசியாறலை லிட்டில் இந்தியாவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் அதையொட்டிய தெருக்களும்தான் லிட்டில் இந்தியா. தோசையும் தேத்தண்ணியும் வீட்டில் கட்டிக்கொண்டு வரும் சோற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் செலவுதான். அம்மாவின் தூக்கத்துக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம்.

பிறகு குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில். 1801இல் பெட்டி லிங்கம் செட்டி என்பவருக்கு வழங்கப்பட்ட நிலத்தில் சிறிய வழிபாட்டிடமாகத் தொடங்கி, 1833இல் கோயிலாக எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே. கோயிலின் பின்புறத் தெருவுக்கு முன்பு பிட் ஸ்ட்ரீட் என்று பெயர், இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு. அந்த ஒரே தெருவை ஒட்டி, நடந்துபோகும் தூரத்தில் எத்தனை சமயம் பாருங்கள்! 1800 வாக்கில் எழுந்த சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில். 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மைதீன் மெரிக்கான் நிறுவிய பள்ளிவாசல். தெருவின் வடகோடிக்கு அப்பால், 1818இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம் அது.

இந்த நகரை யுனெஸ்கோ 2008இல் மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளோ, அது வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகளின் ஊர் என்று நினைத்துக்கொண்டு இக்கரையிலேயே வளர்கிறார்கள். சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறித்து வந்தது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நம்மவர்கள் மூட்டை தூக்கி, கடை வைத்து, ரோடு போட்டு வளர்த்த ஊர் இது. இதில் தயங்கித் தயங்கி நடக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குமேல் வெயிலில் அலைய வேண்டாம். மூன்று மணிவரை அறையில் படுத்து எழுங்கள். மாலையில் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் பக்கம் போனால், 2012இல் வரையப்பட்ட சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியம் இருக்கிறது. பார்ப்பதற்குக் காசில்லை. அங்கிருந்து பாடாங் கோத்தா லாமா கடற்கரைத் திடலுக்கு வந்துவிடுங்கள். பக்கத்திலுள்ள மணிக்கூண்டின் உயரம் 60 அடி. விக்டோரியா ராணியின் 60 வருட ஆட்சிக்கு, வருடத்துக்கு ஓர் அடி! கடற்காற்றில் பாட்டி உட்காரட்டும், பிள்ளைகள் ஓடட்டும்.

எங்கே தூங்குவது?

"வீடு அக்கரையில்தானே இருக்கிறது, அறைக்கு எதற்குப் பணம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஓர் இரவுதான் அம்மாவின் லீவு. இரவுச் சமையல் இல்லை, காலையில் அடுப்பு இல்லை. பழைய நகரில் ஆடம்பரமில்லாத சிறிய ஹோட்டல்கள் உண்டு. அறை கீழ்த்தளத்தில் கிடைக்குமா, மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். பழைய கட்டடங்களின் மாடிப்படி பாட்டியின் முழங்காலுக்கு ஆகாது.

உறவினர் வீட்டில் தங்கலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து பேர் போய் இறங்கினால், அந்த வீட்டு அம்மாவின் லீவு போய்விடும். ஒருத்தியின் பாரத்தை எடுத்து இன்னொருத்தியின் தலையில் வைப்பது ஓய்வாகாது. அங்கேதான் தங்குவதென்றால் இரவுச் சாப்பாட்டை அவர்களுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போங்கள்.

அறைக்கு வசதியே இல்லையா? குற்றமில்லை. சனி இரவு திரும்பி வந்து ஞாயிறு மறுபடி போகலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டைப் பினாங்கிலேயே முடித்துவிடுங்கள். நம் முஸ்லிம் சகோதரர்கள் அந்தக் காலத்தில் தோளில் காவடி போலத் தூக்கி விற்ற நாசி கண்டார் இருக்கவே இருக்கிறது. கறி சேர்க்கச் சேர்க்க விலை ஏறும், தட்டில் வைக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: ஒன்றே ஒன்று

ஞாயிறன்று கொடிமலை, தண்ணீர்மலை, பத்து பெரிங்கி மூன்றையும் பார்க்கத் துடிப்பவர்கள் மூன்றையும் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்ப்பார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பினாங்குக் கொடிமலைக்கு ரயில் ஏற வேண்டுமென்றால் 204ஆம் எண் பஸ். மலைரயில் 1923இல் ஓடத் தொடங்கியது, 2011இல் புதுப்பிக்கப்பட்டது. மேலே குளிர்காற்றும் ஒரு முருகன் கோயிலும் உண்டு. மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு, மைகார்டை மறக்க வேண்டாம். காலையிலேயே போனால் வரிசை குறையும்.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்க 513 படி ஏற வேண்டும். பாட்டிக்கு முடியாவிட்டால் அடிவாரத்துக் கோயிலில் கும்பிட்டுக்கொள்ளட்டும். அருகிலேயே 1884இல் அமைத்த தாவரத் தோட்டம் இருக்கிறது. குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், கைப்பையையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு மணல்தான் வேண்டுமென்றால் 101ஆம் எண் பஸ் பத்து பெரிங்கிக்குப் போகும். அங்கே கரையோரத்தில் விளையாடட்டும். ஜெல்லி மீன் கொட்டும் கடல் அது, ஆகவே எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

எதுவானாலும் மாலை நான்கு மணிக்கு ஃபெர்ரித் துறையில் இருங்கள். மறுநாள் வேலை இருக்கிறது.

வேலையைப் பங்கு போடுங்கள்

புறப்படும் முன்னே யார் யாருக்கு என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். டிக்கெட்டும் அறையும் அப்பா பொறுப்பு. பாட்டியின் மாத்திரை, கண்ணாடி, சால்வையைப் பெரிய பிள்ளை எடுத்துவைக்கட்டும். தண்ணீர்ப் போத்தலும் குடையும் சின்னவன் பொறுப்பு. அவரவர் உடுப்பை அவரவர் எடுத்து வைத்து, அவரவரே சுமக்க வேண்டும். பஸ்ஸுக்குச் சில்லறை ஒருவர் கையில் இருக்கட்டும். போகும் இடத்தில் கழிப்பறை எங்கே என்று முதலில் ஒருவர் பார்த்து வரட்டும். வயதானவர்கள் பலர் வெட்கப்பட்டுக் கேட்கமாட்டார்கள், தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுவார்கள்.

ஞாயிறு இரவு அழுக்குத் துணி மூட்டையை அம்மா பிரிக்கக் கூடாது. அன்று அது அப்பாவின் வேலை. ஐயாமார் கோபிக்க வேண்டாம். துணியை ஊறவைக்கத் தெரியாதவர் யாரும் இல்லை!

பாட்டிகளின் முழங்கால் வருடத்துக்கு வருடம் தேய்கிறது. பிள்ளைகள் அம்மா அப்பாவோடு வர விரும்புவதும் ஒரு வயதுவரைதான். கடல் அங்கேயேதான் இருக்கும், நாம்தான் அப்படியே இருக்கமாட்டோம். இன்றிரவே நாட்காட்டியை எடுத்து ஒரு சனிக்கிழமையை வட்டமிடுங்கள். பக்கத்தில் "அம்மாவுக்கு லீவு" என்று எழுதுங்கள். அதை அப்பாவே எழுதினால் இன்னும் நல்லது.