ஜன்னல் சீட்டா? எந்தப் பக்கம்?

ஃப்ளைட் டிக்கெட் எடுக்கறப்ப நம்மாளுங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: ஜன்னல் சீட் இருக்கா? எந்தப் பக்க ஜன்னல்னு யாரும் கேக்கறதில்லை. என்னைக் கேட்டா, ஜன்னலை விட பக்கம்தான் முக்கியம்.

டெல்லி - காத்மாண்டு ரூட்டையே எடுத்துக்குங்க. முக்திநாத் யாத்திரைக்கு நம்ம ஊர்ப் பெரியவங்க நிறைய பேர் இந்த வழியாப் போறாங்க. பறக்கறது சுமார் ஒன்றரை மணி நேரம். விமானம் கிழக்குப் பக்கமாப் போகுது, இமயமலை வடக்கே இருக்கு. அப்போ மலை தெரியறது இடது பக்கம். மூணு மூணு சீட்டா இருக்கற விமானத்துல அது ஏ சீட்.

வானம் தெளிவா இருந்தா தௌலகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா (8,091), மனாஸ்லு (8,163) வரிசையா வரும். முதல் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தாக்குதான் காளி கண்டகி வர்ற வழி. சாளக்கிராமம் கிடைக்கிற ஆறு! முக்திநாத் அந்த மலைகளுக்குப் பின்னாடி இருக்கு. எவரெஸ்டை மட்டும் எதிர்பார்த்துப் போகாதீங்க. அது காத்மாண்டுக்கும் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர். கண்ணுல பட்டா போனஸ் :-)

வலது கோடி எஃப் சீட்ல என்ன தெரியும்? சமவெளியும் புழுதியும்தான். சீட்டுக்குக் குடுக்கற காசு பெரும்பாலும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். திரும்பி வர்றப்ப அப்படியே உல்டா, அப்போ எஃப் கேளுங்க.

இன்னும் சில விஷயம். நடு வரிசைகள்ல இறக்கை மறைக்கும். அதுக்குப் பின்னாடி இஞ்சின் புகைச் சூட்டுல காட்சி கலங்கும். அதனால முன்வரிசை நல்லது. போயிங் 737ல இடது பக்கம் ஒரு வரிசைக்கு ஜன்னலே இருக்காது, ஏசி குழாய் அந்தச் சுவருக்குள்ள போகுது. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை மேகம்தான். அக்டோபர், நவம்பர் காலை நேரம் உத்தமம். சூரியனும் அப்போ தெற்கே, வலது பக்கம் இருக்கும். இடது ஜன்னல்ல கண் கூசாது.

"வயசானவங்களுக்கு நடைபாதை ஓர சீட்தானே வசதி, பாத்ரூம் போகணுமே"ன்னு சிலர் சொல்வாங்க. நீண்ட பயணத்துக்கு அது சரி. ஒன்றரை மணி நேரத்துக்கு, ஏறறதுக்கு முன்னாடியே போய்ட்டு வந்துடலாமே.

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, டிக்கெட் போடறது அவங்க இல்லை, நாமதான். ஆபீஸ்ல உக்காந்துகிட்டு, கிடைச்ச சீட்டைத் தட்டி விட்டுடறோம். எழுபது வயசுல அந்த மலையைப் பாக்க அவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு வருமா? நமக்கு ஆகற செலவு, மேப்பைத் திறந்து வடக்கு எந்தப் பக்கம்னு பாக்கற ஒரே ஒரு நிமிஷம்.

அப்புறம், ஏ சீட் கிடைச்ச புண்ணியவான்களே, ஷட்டரை இழுத்து விட்டுட்டுத் தூங்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்களும் ஒரு எட்டு எட்டிப் பாக்கட்டும்.

என்ன நாஞ்சொல்றது?