பாலைவனத்தில் நீச்சல் குளம் கேட்காதீர்கள்

மொராக்கோ பாலைவனப் பயணத்துக்கு முன்பதிவு செய்யப் போனால் முகவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கூடாரம் சாதாரணமா, சொகுசா?" என்பதுதான். சொகுசு என்றால் குளிரூட்டி, வெந்நீர்க் குளியலறை, மணல் குன்றைப் பார்த்தபடி ஒரு நீச்சல் குளம். நான் நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் குளத்தின் படத்தைப் பார்த்ததுமே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெயிலுக்கும் காற்றுக்கும் ஆண்டுக்கு இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஆவியாகும். அதாவது ஒரு லட்சம் லிட்டர். யாரும் குடிக்காமல், ஒரு மரத்தின் வேருக்கும் போகாமல் வீணாகிற தண்ணீர் அது. மணல் குன்றுகளை ஒட்டியிருக்கும் மெர்ஸூகா கிராமத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 100 மில்லிமீட்டர்கூட வராது.

நானும் மகளும் வழி நெடுக மண் வீடுகளிலேயே தங்குவதென்று முடிவு செய்தோம். மண் வீடு என்றதும் சிறு குடிசையை நினைத்துவிட வேண்டாம். மூன்று மாடி, நான்கு மாடி உயரத்துக்கு எழுந்து, நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த கோட்டை வீடுகள் அவை. கஸ்பா என்கிறார்கள். பல குடும்பங்கள் ஒரே மதிலுக்குள் சேர்ந்து வாழ்ந்தால் அந்த ஊருக்கு க்ஸார் என்று பெயர். இரண்டுமே காலடி மண்ணில் கட்டியவை.

மராகேஷிலிருந்து தெற்கே போகும் சாலை 2260 மீட்டர் உயரத்தில் டிஷ்கா கணவாயைக் கடக்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மேகங்களை அட்லஸ் மலை வடக்கிலேயே தடுத்துக்கொள்கிறது. கணவாய் தாண்டி இறங்கினால் செம்மண்ணும் மொட்டைப் பாறையும்தான். மரம் அரிது, ஆகவே மரத்தைக் கூரைக்கு வைத்துக்கொண்டு சுவரை மண்ணில் எழுப்பினார்கள். அடியில் கல் அஸ்திவாரம். அதன்மேல் இரு பக்கமும் பலகை நிறுத்தி, லேசாக ஈரப்படுத்திய சரளை மண்ணை நடுவில் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குகிறார்கள். ஓர் அடுக்கு முடிந்ததும் பலகையைக் கழற்றி அடுத்த அடுக்குக்கு நகர்த்துகிறார்கள். மேல் மாடிகளில் சுவரின் கனத்தைக் குறைத்துச் சுடாத செங்கல் வைக்கிறார்கள். கோபுர உச்சியில் தெரியும் கோலம் போன்ற வேலைப்பாடெல்லாம் அந்தச் செங்கல்தான்.

ஸ்கூரா என்ற பேரீச்சந்தோப்பு ஊரில் நாங்கள் தங்கிய வீட்டுச் சுவர் அரை மீட்டருக்கு மேல் கனம். மதியம் வெளியே கண்ணைத் திறக்க முடியவில்லை. உள்ளே மின்விசிறி தேவைப்படவில்லை. பகலில் சுவர் வாங்கிய சூடு உள்பக்கம் வந்து சேர இரவாகிவிடுகிறது. பாலைவனத்து இரவு குளிரும் என்பதால் அப்போது அந்தச் சூடு நமக்கு வேண்டியதாகவே இருக்கிறது. மின்சாரம் இல்லாமல், இயந்திரம் இல்லாமல் நடக்கும் இந்த ஏற்பாட்டைச் சுவரில் கை வைத்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். பணிக்காலத்தில் எத்தனையோ கட்டடங்களுக்குள் நின்றிருக்கிறேன். இப்படியொரு மரியாதை வேறு எந்தச் சுவர் மீதும் எனக்கு வந்ததில்லை.

வீட்டுக்காரர் தாத்தா காலத்து வீட்டில் சில அறைகளை ஒழித்து விருந்தினருக்குக் கொடுக்கிறார். மகளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் பேச முடிந்தது. மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். பேரீச்ச மரத்தை அறுத்து விட்டம் போட்டு, மேலே நாணல் பரப்பி, அதற்கும் மேல் மண் கொட்டி மெத்தியிருக்கிறார்கள். வைக்கோல் கலந்த சேற்றைப் புளிக்க வைத்துப் பூசுகிறார்கள். "மழை பெய்தால் மறுநாள் நான் மாடியில்தான் இருப்பேன், விருந்தினர் காத்திருக்கத்தான் வேண்டும்" என்றார். ஒரு விரிசலை விட்டுவிட்டால் அடுத்த மழை சுவருக்குள் இறங்கும். அதற்கடுத்த மழையில் மூலை சரியும். கொத்தனாருக்கும் வைக்கோலுக்கும் ஆகிற செலவை அறை வாடகையிலிருந்துதான் எடுக்கிறார். அவருடைய தம்பிகள் காஸாபிளாங்காவில் வேலை பார்க்கிறார்கள். வாடகை வரவில்லை என்றால் தானும் அங்கே போக வேண்டியதுதான் என்று சொன்னார்.

ஆளில்லாத மண் வீடு என்ன ஆகும் என்பதை அந்தப் பள்ளத்தாக்குகளில் ஊருக்கு ஊர் பார்க்கலாம். மிகப் பெரிய சான்று தெலூவே. தெற்கு மொராக்கோவையே ஆட்டிப் படைத்த தாமி எல் கிளாவி என்ற பாஷாவின் மாளிகை அது. 1956-ல் அவர் இறந்து, நாடும் விடுதலையடைந்த பிறகு கைவிடப்பட்டது. உள்ளே ஓடு பதித்த கூடங்கள் இன்னும் பளபளக்கின்றன. சுற்றிலும் சுவர்கள் கரைந்து மேடாகிக் கிடக்கின்றன. அத்தனை அதிகாரம் கட்டிய மாளிகை சரிந்துவிட்டது. மழைக்கு மறுநாள் ஏணி ஏறுகிற ஒரு விவசாயியின் வீடு நிற்கிறது.

1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐத் பென்ஹத்துவையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'கிளாடியேட்டர்' படங்களில் வரும் ஊர். குடும்பங்களில் பெரும்பாலானவை ஆற்றுக்கு எதிர்க்கரைக்குப் போய்விட்டன. பழைய மதிலுக்குள் மிகச் சில குடும்பங்களே மிச்சம். பேருந்துகள் காலையில் வருகின்றன, படம் எடுத்துக்கொள்கிறார்கள், மதியத்துக்குள் போய்விடுகிறார்கள். நூறு பேர் எடுக்கும் படத்தைவிட ஒருவர் தங்கும் ஓர் இரவு அந்தச் சுவர்களுக்குப் பயன்படும்.

சிமெண்ட் வீட்டுக்கு மாறுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆண்டுதோறும் சேறு பூச யாருக்குத்தான் பிடிக்கும்? வெளிநாட்டில் சம்பாதித்த மகன் பெற்றோருக்குக் கான்கிரீட் வீடு கட்டித் தருவது அங்கே பெருமை. ஆனால் கோடையில் அடுப்பாகவும் மார்கழிக் குளிரில் பனிக்கட்டியாகவும் இருக்கும் அந்தச் சுவர்களுக்குள் குளிரூட்டி இல்லாமல் முடியாது. பழைய மண் சுவர்மேல் சிமெண்ட் பூசுவது அதைவிடக் கேடு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும்.

2023 செப்டம்பர் 8 இரவு அட்லஸ் மலையில் 6.8 அளவில் நிலநடுக்கம் வந்தது; கிட்டத்தட்ட 3000 பேர் இறந்தார்கள். மண்ணிலும் கல்லிலும் கட்டிய வீடுகள்தான் பெரும்பாலும் விழுந்தன. இனி மண் வீடே கூடாது என்று பலர் பேசினார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பொறியாளராக ஒன்றைச் சொல்ல வேண்டும்: சுவர்களை மேல்மட்டத்தில் சுற்றிக் கட்டும் பட்டை, மூலைகளில் பிணைப்பு, ஒழுங்கான அஸ்திவாரம் இருந்தால் மண் கட்டடம் அதிர்ச்சியைத் தாங்கும். மண் கட்டடங்களுக்கென்றே தனி நிலநடுக்க விதிமுறை அந்த நாட்டில் இருக்கிறது. தெற்கிலுள்ள பழைய கூட்டுத் தானியக் களஞ்சியங்களையும் க்ஸார்களையும் உள்ளூர்க் கைவினைஞர்களை வைத்தே மீட்டெடுத்து வரும் சலீமா நாஜி என்ற கட்டடக் கலைஞர் இதைத் தொடர்ந்து வலியுறுத்துகிறார். மண்ணை விட்டு ஓடுவதைவிட மண்ணைச் சரியாகக் கட்டக் கற்றுக்கொடுப்பதே அந்த ஊர்களைக் காப்பாற்றும் என்று நானும் நினைக்கிறேன்.

தோத்ரா மலையிடுக்கு அழகான இடம். எல்லாப் பயணக் குறிப்பிலும் இருக்கிறது. என்னை அதிகம் பாதித்தது அதற்குக் கிழக்கே, எர்ஃபூத் போகும் சாலையோரம் வரிசையாகத் தெரிந்த மண் மேடுகள். ஒவ்வொரு மேட்டின் நடுவிலும் ஒரு கிணற்று வாய். அடியில் அவற்றை இணைத்துக்கொண்டு ஒரு சுரங்கக் கால்வாய் ஓடுகிறது. மலையடிவார நிலத்தடி நீரை மிக மெல்லிய சரிவில், பம்பு இல்லாமல், ஊர்த் தோப்புவரை கொண்டுவரும் ஏற்பாடு. கெத்தாரா என்று பெயர். தாஃபிலால்த் வட்டாரத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் தோண்டியிருக்கிறார்கள். யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பது பரம்பரைப் பங்கு. பங்கு உள்ளவர்கள் தூர் வாரவும் வர வேண்டும். நம் ஏரிகளின் குடிமராமத்தைப் படித்து வளர்ந்தவளுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் ஒன்றுக்குள் இறங்கினோம். அடியில் தண்ணீர் இல்லை. வறண்ட மணல். 1971-ல் மேலே ஸிஸ் ஆற்றில் அணை கட்டியதும் கீழே நிலத்துக்குள் இறங்கும் வெள்ளம் குறைந்தது. பிறகு மோட்டார் பம்புகள் வந்து நீர்மட்டத்தை இன்னும் கீழே இழுத்தன. தோப்புகளும் அதோடு சேர்ந்து வாடின. பாயூத் என்ற பூஞ்சை நோய் ஒரு நூற்றாண்டில் மொராக்கோவின் பேரீச்ச மரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவற்றை ஏற்கெனவே அழித்திருக்கிறது. திரா ஆற்றங்கரையிலுள்ள ஸகோராவில் 2017-ல் மக்கள் குடிநீர் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். இப்படிப்பட்ட நாட்டில்தான் நாம் அறைக்கு எதிரே நீச்சல் குளம் கேட்கிறோம்.

மெர்ஸூகாவின் எர்க் ஷெபி மணல் குன்றுகள் 150 மீட்டர்வரை உயர்ந்தவை. விடியலில் அவற்றின் நிறம் மாறுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த மணல்காடு பெரிதல்ல. நீளம் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு, அகலம் அதில் கால்வாசிகூட இருக்காது. அதன் ஓரத்திலும் உள்ளேயும் வெள்ளைக் கூடாரங்கள் அணி அணியாக நிற்கின்றன. ஜெனரேட்டர் ஓடுகிறது, நான்கு சக்கர மோட்டார் வண்டிகள் குன்றுகளில் உறுமுகின்றன, தண்ணீர் லாரியில் வருகிறது. ஊர் வீட்டில் தங்கியது போக ஓர் இரவு மட்டும், முன்பு ஆடு மேய்த்துத் திரிந்த ஒரு குடும்பத்தின் கறுப்புக் கூடாரத்தில் தங்கினோம். ஆட்டு மயிரில் பெண்கள் நெய்த பட்டைகளைச் சேர்த்துத் தைத்த கூடாரம் அது. மழை பட்டால் இழை உப்பி இடைவெளி அடைத்துக்கொள்ளும். முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீர் வைத்தார்கள். புதினாத் தேநீர் கொடுத்தார்கள். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

கூடாரம் போட்டுப் பிழைக்கிறவர்களை எதிரிகளாகக் காட்ட எனக்கு மனமில்லை. அந்த நாடோடிக் குடும்பங்கள் வேண்டுமென்றே மந்தையை விடவில்லை. 1994-ல் அல்ஜீரிய எல்லை மூடப்பட்டது. மேய்ச்சல் நிலம் துண்டுபட்டது. பிறகு தொடர் வறட்சி. ஆடுகள் குறைந்துபோனதால் 2025 பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்க வேண்டாம் என்று மன்னர் ஆறாம் முகமதே மக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. பயணிகள் வராவிட்டால் அவர்களுக்கு வேறு வருமானம் இல்லை. அதனால்தான் போகாதீர்கள் என்று நான் எழுதவில்லை.

மெர்ஸூகாவுக்கு அருகே ரிஸ்ஸானி ஊரின் எல்லையில் ஸிஜில்மாஸா என்ற நகரத்தின் இடிபாடு இருக்கிறது. சஹாரா கடந்து வரும் பொன் முதலில் வந்து சேர்ந்த சந்தை அது. மதுரை சுல்தானின் அரண்மனைவரை வந்துபோன இபின் பதூதா, 1352-ல் மாலிக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். ஒட்டகங்களை வாங்கி மாதக்கணக்கில் தீனி போட்டுத் தேற்றினார். அத்தனை நாளும் தங்கியது ஒரு மார்க்க அறிஞரின் வீட்டில். அந்த அறிஞரின் சகோதரரை அவர் சீனாவில் சந்தித்திருந்தார். உலகம் சுற்றியவர் அந்த ஊர் கொடுத்ததை உண்டு, அந்த ஊர் வீட்டில் உறங்கி, பாலைவனம் கடந்தார்.

2024-ல் மட்டும் மொராக்கோவுக்கு 1.74 கோடிப் பேர் வந்திருக்கிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து 2030 உலகக் கோப்பைக் கால்பந்தை அந்த நாடு நடத்தப்போகிறது; வருகை இன்னும் கூடும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் கூடுவார்கள் என்பதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். பணம் கட்டும் முன் முகவரிடம் கேளுங்கள்: தங்கும் வீடு எதில் கட்டியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டுக்காரர் அந்த ஊர்க்காரரா? மெர்ஸூகாவுக்கு ஒரே மூச்சில் ஓடாமல் ஸ்கூராவிலோ ஐத் பென்ஹத்துவிலோ கூடுதலாக ஓர் இரவு இருங்கள். நீச்சல் குளம் உண்டு என்று ஆசை காட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.